நூறு புள்ளி ஆட்டத்தின் ஸ்கோர் அட்டை: பழைய கூடைப்பந்துக் கணக்கைப் படிப்பது எப்படி?

கிரிக்கெட் ஸ்கோர் அட்டையை நம்மில் பலர் யாரும் சொல்லித் தராமலே படிக்கக் கற்றுக்கொண்டோம். யார் எத்தனை பந்தில் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதை வைத்தே ஆட்டம் எப்படிப் போயிருக்கும் என்று ஊகித்துவிடுவோம். கூடைப்பந்திலும் அப்படி ஓர் அட்டை உண்டு. அதற்கு பாக்ஸ் ஸ்கோர் என்று பெயர். முதல்முறை பார்க்கிறவருக்கு எண்களை அள்ளிக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. 36-63 என்று ஓர் இடத்தில் பார்த்துவிட்டு, அது ஏதோ இரண்டு அணிகளின் ஸ்கோர் என்று நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழகுவதற்கு ஒரு பழைய ஆட்டத்தை எடுத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் எண்ணம். இன்றைய அட்டைகளில் பத்திகள் அதிகம். பழைய அட்டையில் குறைவு. அதைவிட முக்கியம், பல பழைய ஆட்டங்களுக்கு முழு ஒளிப்பதிவே இல்லை. அட்டையை விட்டால் வேறு வழியில்லை என்பதால் கவனமாகப் படிப்போம்.

நான் எடுத்துக்கொள்வது 1962 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி என்ற ஊரில் நடந்த என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டம். பிலடெல்பியா வாரியர்ஸ் 169, நியூயார்க் நிக்ஸ் 147. வாரியர்ஸின் வில்ட் சேம்பர்லின் தனியாளாக 100 புள்ளி எடுத்தது இந்த ஆட்டத்தில்தான். அரங்கில் இருந்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி ஒளிபரப்பு கிடையாது. மிஞ்சியிருப்பது வானொலி வர்ணனையில் கடைசிப் பகுதியின் ஒலிப்பதிவு, சில புகைப்படங்கள், அப்புறம் இந்த அட்டை.

ஒரு நோட்டு, பேனா, கால்குலேட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் இது மண்டையில் ஏறாது.

முதலில் அட்டையை எழுதிக்கொள்ளுங்கள்

வாரியர்ஸ் பக்கம் இப்படி இருக்கும். வரிசை: ஆடிய நிமிடம், போட்ட கூடை-எறிந்த ஷாட், ஃப்ரீ த்ரோவில் விழுந்தது-எறிந்தது, அசிஸ்ட் (கூடை போடுகிறவருக்குப் பந்தைக் கொடுத்துவிட்டவர் பெயரில் எழுதப்படுவது), மொத்தப் புள்ளி.

பால் அரிசின்: 31, 7-18, 2-2, 4, 16
டாம் மெஷெரி: 40, 7-12, 2-2, 3, 16
வில்ட் சேம்பர்லின்: 48, 36-63, 28-32, 2, 100
கை ராட்ஜர்ஸ்: 48, 1-4, 9-12, 20, 11
அல் ஆட்டில்ஸ்: 34, 8-8, 1-1, 6, 17
யார்க் லரீஸ்: 14, 4-5, 1-1, 2, 9
எட் கான்லின்: 14, 0-4, 0-0, 1, 0
ஜோ ரக்லிக்: 8, 0-1, 0-2, 1, 0
டெட் லக்கன்பில்: 3, 0-0, 0-0, 0, 0

நடுவில் இருக்கும் கோடு கழித்தல் குறி இல்லை. 36-63 என்றால் 63 முறை எறிந்து 36 முறை கூடையில் விழுந்தது என்று பொருள். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுகிற கூடைக்கு இரண்டு புள்ளி. எதிரணி தவறு செய்ததற்குத் தண்டனையாக, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிவது ஃப்ரீ த்ரோ. அதற்கு ஒரு புள்ளி. இன்றைய ஆட்டத்தில் தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி கிடைக்குமே என்று கேட்பீர்கள். அந்த விதி என்.பி.ஏ.வுக்கு வந்தது 1979-80 பருவத்தில். 1962இல் எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான்.

அந்தக் காலச் செய்தித்தாள்களில் இந்த அளவுகூட இருக்காது. இடத்தை மிச்சம் பிடிக்க மூன்றே பத்திதான் அச்சிடுவார்கள்: கூடைகள், ஃப்ரீ த்ரோ, மொத்தம். அப்படி ஒரு துணுக்கு கையில் கிடைத்தால், அவர் எத்தனை ஷாட் தவறவிட்டார் என்பதை அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பத்தி குறைவாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம்.

கூட்டிப் பாருங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். பழைய அட்டைகளைக் கையால் எழுதி, தந்தி வழியாகவோ தொலைபேசி வழியாகவோ அனுப்பி, யாரோ அச்சுக் கோத்திருப்பார்கள். ஒரு இலக்கம் மாறினால் போதும், கதையே மாறிவிடும். நல்லவேளையாக இந்த அட்டை தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரே சூத்திரம்: கூடைகளை இரண்டால் பெருக்கி, விழுந்த ஃப்ரீ த்ரோவைக் கூட்டினால் மொத்தப் புள்ளி வர வேண்டும். சேம்பர்லினுக்கு 36ஐ இரட்டித்தால் 72, அதோடு 28 சேர்ந்தால் 100. ராட்ஜர்ஸுக்கு 2, அதோடு 9, ஆக 11. சரி.

பிறகு மேலிருந்து கீழாகக் கூட்டுங்கள். வாரியர்ஸ் மொத்தம் 63 கூடை, 43 ஃப்ரீ த்ரோ. 126ம் 43ம் சேர்ந்தால் 169. இதுவும் சரி.

நிமிடங்களையும் கூட்டலாம். ஆட்டம் 48 நிமிடம், களத்தில் எப்போதும் ஐந்து பேர். கூடுதல் நேரம் ஆடாத எந்த ஆட்டத்திலும் ஓர் அணியின் நிமிடங்கள் சேர்ந்து 240 வர வேண்டும். மேலே உள்ளதைக் கூட்டிப் பாருங்கள், 240 வரும். ஒன்றிரண்டு நிமிடம் கூடக் குறைய வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், முழு நிமிடமாக எழுதும்போது அப்படி நேர்வதுண்டு. பத்து நிமிடம் உதைத்தால் எங்கோ பிழை.

கால்வாசி கால்வாசியாகப் பிரியுங்கள்

ஆட்டம் பன்னிரண்டு நிமிடக் குவார்ட்டர் நான்காக ஓடும். வாரியர்ஸ் எடுத்தது 42, 37, 46, 44. நிக்ஸ் 26, 42, 38, 41. ஆட்டம் எங்கே சாய்ந்தது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. முதல் குவார்ட்டரிலேயே 16 புள்ளி இடைவெளி. இரண்டாவதில் நிக்ஸ் ஐந்தை மீட்டு, பாதி ஆட்டத்தில் 79-68 என்று நெருங்கியது. மூன்றாவதில் வாரியர்ஸ் மீண்டும் விலகி 125-106. வெற்றி யாருக்கு என்ற கேள்வி ஏறத்தாழ அங்கேயே முடிந்துவிட்டது. கடைசிக் குவார்ட்டரில் அரங்கம் கவனித்தது வேறொரு கணக்கை.

அந்தக் கணக்கும் நம்மிடம் இருக்கிறது. எல்லா ஆட்டக்காரருக்கும் குவார்ட்டர் வாரியான விவரம் கிடைக்காது, சேம்பர்லினுக்குக் கிடைக்கிறது:

முதல் குவார்ட்டர்: 7-14, ஃப்ரீ த்ரோ 9-9, ரீபவுண்ட் 10, புள்ளி 23
இரண்டாவது: 7-12, 4-5, ரீபவுண்ட் 4, புள்ளி 18
மூன்றாவது: 10-16, 8-8, ரீபவுண்ட் 10, புள்ளி 28
நான்காவது: 12-21, 7-10, ரீபவுண்ட் 1, புள்ளி 31

ரீபவுண்ட் என்பது, கூடையில் விழாமல் தெறித்து வருகிற பந்தைக் கைப்பற்றுவது. சேம்பர்லின் போன்ற உயரமான சென்டர் ஆட்டக்காரரின் அன்றாட வேலை அது. அந்தப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்: 10, 4, 10, 1. கடைசிப் பன்னிரண்டு நிமிடத்தில் ஒன்றே ஒன்று. அதே நேரம் 21 ஷாட். நூறு தொடும் தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் மொத்த அணியும் அவர் கையில் பந்தைச் சேர்ப்பதிலேயே குறியாக இருந்தது. அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லப்படுகிற கதைகள் எல்லாம் இதைத்தான் சொல்கின்றன. கதை தெரியாவிட்டாலும் அந்த 1 அதைக் காட்டிவிடுகிறது.

ஃப்ரீ த்ரோ பத்தியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள்

புதிதாக வருகிறவர்கள் கடைசிப் பத்தியை, அதாவது மொத்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் பழைய அட்டையில் சுவையான பத்தி ஃப்ரீ த்ரோதான்.

சேம்பர்லின் ஃப்ரீ த்ரோவில் பேர்போன சொதப்பல். அவருடைய முழுத் தொழில்வாழ்க்கையில் நூற்றுக்கு 51 அளவில்தான் விழுந்திருக்கிறது. 1961-62 அவருக்கு இந்த விஷயத்தில் ஆகச் சிறந்த பருவம். இரு கைகளாலும் பந்தைப் பிடித்து இடுப்புக்குக் கீழிருந்து தூக்கிப் போடும் முறைக்கு மாறியிருந்தார். அப்படியும் பருவ சராசரி 61.3 சதவீதம்.

ஹெர்ஷியில் 32க்கு 28, அதாவது 87.5 சதவீதம். அவருடைய அந்தப் பருவ விகிதத்தில் போட்டிருந்தால் 32இல் ஏறத்தாழ 20 விழுந்திருக்கும். மற்ற எல்லாம் அப்படியே இருந்தால் மொத்தம் 92. அதுவும் பிரம்மாண்டமான எண்தான், ஆனால் நூறு இல்லை. முதல் மூன்று குவார்ட்டரில் 22 எறிந்து 21 விழுந்திருக்கிறது, அதைக் கவனியுங்கள். கடைசியில் 10க்கு 7 என்று கொஞ்சம் இறங்கியது. கூடைக்கு மேலே பந்தைத் திணிக்கிற ஏழடி மனிதர் என்றே அவரைப் படம்பிடித்துக் காட்டுவார்கள். இந்த நூறைச் சாத்தியமாக்கியதோ யாரும் மறிக்காத அந்தக் கோடு.

இப்போது அதே பத்தியில் கை ராட்ஜர்ஸைப் பாருங்கள். நான்கே ஷாட் எறிந்தவர் எப்படி 12 ஃப்ரீ த்ரோ பெற்றார்? பின்பாதியில் நிக்ஸ், பந்து சேம்பர்லினிடம் போய்ச் சேராமல் தடுக்க மற்ற வாரியர்ஸ் ஆட்டக்காரர்களை வேண்டுமென்றே ஃபவுல் செய்தது. பந்தைக் கொண்டுவருகிற கார்டு ராட்ஜர்ஸ்தான், அடி அவருக்குத்தான். பதிலுக்கு வாரியர்ஸும் பந்தைச் சீக்கிரம் திரும்பப் பெற நிக்ஸ் ஆட்டக்காரர்களை ஃபவுல் செய்தது. முன்னணியில் இருக்கும் அணி இப்படிச் செய்வது விநோதம். இரண்டு அணியும் சேர்ந்து 93 ஃப்ரீ த்ரோ எறிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதிரணியின் பக்கத்தைத் திருப்புங்கள்

நூறு எடுத்தவரின் பக்கத்தோடு நிறுத்திவிட்டால் பாதி ஆட்டம் போய்விடும். நிக்ஸ் பக்கத்தில் ரிச்சி கெரின் 39, கிளீவ்லாந்து பக்னர் 33, வில்லி நால்ஸ் 31. முப்பதைத் தாண்டியவர்கள் மூன்று பேர், அப்படியும் தோல்வி.

டாரல் இம்ஹாஃப் வரியில் நில்லுங்கள்: 20 நிமிடம், 3-7, 1-1, 7 புள்ளி, 6 ஃபவுல். ஆறாவது ஃபவுலோடு ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். சேம்பர்லினை மறிக்க நிறுத்தப்பட்ட சென்டர் இவர்தான். 48 நிமிட ஆட்டத்தில் 20 நிமிடத்தில் கதை முடிந்தது. வழக்கமாகத் தொடங்குகிற சென்டர் ஃபில் ஜோர்டான் அன்று ஆடவில்லை. அவர் பெயர் அட்டையிலேயே இருக்காது, ஆடாதவருக்கு வரி கிடையாது. அதனால் பழைய ஆட்டத்தைப் படிக்கும்போது அந்த அணியின் அந்தப் பருவத்துப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் இல்லை என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது அடுத்த வேலை. மொத்த இடைவெளி 22. கூடைகள் 63க்கு 57, ஆறு கூடை கூடுதல், ஆக 12 புள்ளி. ஃப்ரீ த்ரோ 43க்கு 33, ஆக 10 புள்ளி. 12ம் 10ம் 22. இத்தனைக்கும் நிக்ஸ் மூன்று ஷாட் கூடுதலாகவே எறிந்திருக்கிறது: 118க்கு 115. வாரியர்ஸ் எறிந்ததில் 54.8 சதவீதம் விழுந்தது, நிக்ஸுக்கு 48.3. இந்தப் பிரிப்பை எந்த ஆட்டத்துக்கும் இரண்டு நிமிடத்தில் செய்யலாம். பத்திரிகைக் கட்டுரைகள் இதைச் சொல்வதே இல்லை.

காலத்துக்கு ஏற்ப எடை போடுங்கள்

இரண்டு அணியும் சேர்ந்து 233 ஷாட். இன்றைய என்.பி.ஏ. ஆட்டத்தில் ஓர் அணி ஏறத்தாழ 90 ஷாட் எறிகிறது. 1962இல் ஓட்டம் அத்தனை வேகம். பந்து கைக்கு வந்த 24 வினாடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி 1954இல் வந்த பிறகு அணிகள் விரைவாக எறியப் பழகிவிட்டன. எறிவது அதிகமானால் புள்ளியும் அதிகம், தவறுகிற பந்தும் அதிகம், அதனால் ரீபவுண்டும் அதிகம். அந்தக் காலத்து ரீபவுண்ட் எண்களை இன்றைய எண்களோடு நேருக்கு நேர் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

வேகத்தை ஒதுக்கிவிட்டுத் திறனை மட்டும் பார்க்க ஒரு கணக்கு உண்டு. ஃப்ரீ த்ரோ எறிந்த எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி, எறிந்த ஷாட்டோடு கூட்டி, இரட்டித்து, அதால் புள்ளியை வகுக்க வேண்டும். சேம்பர்லினுக்கு: 32ஐ 0.44ஆல் பெருக்கினால் 14.08. அதோடு 63 சேர்த்தால் 77.08. இரட்டித்தால் 154.16. நூறை அதால் வகுத்தால் 64.9 சதவீதம். இதே கணக்கில் வாரியர்ஸ் மொத்தமாக 61.3, நிக்ஸ் 54. அந்த 0.44 பிற்கால ஆட்டங்களை வைத்து வந்த எண். 1962இன் ஃப்ரீ த்ரோ விதிகள் வேறு. அதனால் தசம இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம், யார் யாரைவிட மேல் என்று பார்த்தால் போதும்.

அந்த ஆளின் பருவத்தோடு ஒப்பிடுவதும் முக்கியம். சேம்பர்லின் அந்தப் பருவத்தில் 80 ஆட்டத்தில் 4,029 புள்ளி எடுத்தார், ஆட்டத்துக்கு 50.4. சராசரியாக ஆடியது 48.5 நிமிடம். ஆட்டமே 48 நிமிடம்தானே என்று எனக்கும் முதலில் தோன்றியது. கூடுதல் நேர ஆட்டங்களையும் சேர்த்தால் அப்படி வருகிறது. ஏறக்குறைய உட்காரவே இல்லை மனிதர். ஐம்பது அவருக்குச் சாதாரண நாள் என்று தெரிந்த பிறகு, நூறு வானத்திலிருந்து விழுந்ததாகத் தோன்றாது.

இல்லாத பத்தியை நினைவில் வையுங்கள்

ஷாட்டைத் தட்டித் தடுக்கும் பிளாக், பந்தைப் பறிக்கும் ஸ்டீல் இரண்டையும் என்.பி.ஏ. அதிகாரப்பூர்வமாக எண்ணத் தொடங்கியது 1973-74இல். ரீபவுண்டைத் தாக்குதல், தற்காப்பு என்று பிரித்ததும் அதே பருவத்தில்தான். ஆட்டக்காரர் பந்தை இழக்கும் டர்ன்ஓவரை எண்ணியது 1977-78இலிருந்து. இணையத் தரவுத்தளங்களில் பழைய ஆட்டத்தின் அட்டையைத் திறந்தால் இந்தக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும். வெற்றுக் கட்டம் வேறு, சுழியம் வேறு. சேம்பர்லின் அன்று எத்தனை ஷாட்டைத் தட்டிவிட்டார் என்று யாராவது திட்டவட்டமாக ஒரு எண்ணைச் சொன்னால், எங்கிருந்து கிடைத்தது என்று கேளுங்கள்.

யார் எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அன்று வாரியர்ஸின் புள்ளிவிவரக்காரர் ஹார்வி பாலக். கணக்கு எழுதியதோடு, செய்தி நிறுவனங்களுக்கும் ஒரு பிலடெல்பியா நாளிதழுக்கும் செய்தி அனுப்பியவரும் அவரே. சேம்பர்லின் கையில் 100 என்று எழுதிய காகிதத்தோடு சிரிக்கிற புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த 100ஐ எழுதிய கையும் அவருடையதுதான்.

சின்ன எண்களைத் தேடுங்கள்

பெரிய எண்ணைப் பார்த்தாகிவிட்டது. இனி அட்டையின் ஓரங்களுக்கு வாருங்கள். எனக்குப் பிடித்த வேலை இது.

அல் ஆட்டில்ஸ்: 8-8, 1-1. அந்த இரவு முழுக்க ஒன்றுகூடத் தவறவில்லை. வேறெந்த இரவாக இருந்தாலும் தலைப்புச் செய்தி அவர்தான்.

கை ராட்ஜர்ஸ்: 20 அசிஸ்ட். அணியின் மொத்த அசிஸ்ட் 39, அதில் பாதிக்கு மேல் இவர் ஒருவருடையது. சேம்பர்லினைத் தவிர 48 நிமிடமும் களத்தில் நின்றவரும் இவரே.

அப்புறம் ஜோ ரக்லிக். எட்டு நிமிடம், 0-1, 0-2, புள்ளி சுழியம். சேம்பர்லினுக்கு மாற்று ஆட்டக்காரர். சேம்பர்லின் உட்காராத பருவத்தில் அந்த வேலை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அசிஸ்ட் பத்தியில் மட்டும் அவர் பெயருக்கு நேரே ஒரு 1 இருக்கிறது. ஆட்டம் முடிய 46 வினாடி இருக்கும்போது, நூறாவது புள்ளிக்கான பந்தைக் கொடுத்தது அவர்தான். கூட்டம் களத்துக்குள் பாய்ந்துகொண்டிருந்தபோது ரக்லிக் நேராக ஸ்கோர் எழுதுகிறவரின் மேசைக்குப் போனார், அந்த 1ஐத் தன் பெயரில் எழுதிவிட்டார்களா என்று பார்க்க.